‘பிள்ளை பார்க்க எதுக்குடி டிகிரி?’ – குலசேகரத்திலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: மேடம், நான் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வீடு குலசேகரம் பக்கம். அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறார், அம்மா அண்டி ஆபீசுக்கு (முந்திரி ஆலைக்கு). எனக்குப் பிள்ளைகளோடு இருப்பது சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். எங்கள் சபையில் மே மாத வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) என் பொறுப்பில்தான் நடக்கும். கனடாவில் நர்சாக இருக்கும் சித்தி மகள், அங்கே ‘சைல்ட் அண்ட் யூத் கேர்’ என்று ஒரு படிப்பு இருக்கிறது, உனக்கென்றே செய்த மாதிரி என்கிறாள். மார்த்தாண்டத்தில் ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தோம். மூன்று வருட டிப்ளமோவாம். படிக்கும்போதே வேலை பார்த்துக் கடனை அடைத்துவிடலாம், முடித்ததும் பி.ஆர். (நிரந்தரக் குடியுரிமை அனுமதி, அங்கேயே தங்கி வாழ) உறுதி என்றார்கள். வீடு நிற்கிற பத்து சென்டை ஈடு வைத்தால்தான் பணம் புரளும். மாமாவோ, ‘பிள்ளை பார்க்க எதுக்குடி டிகிரி? ஆயா வேலைக்கா இவ்வளவு செலவு?’ என்கிறார். அம்மாவுக்குப் பயம். நான் போகலாமா? இங்கேயே இதைப் படிக்க வழி இருக்கிறதா? இன்னொன்று, எனக்குச் சட்டென்று அழுகை வந்துவிடும். இந்த வேலைக்கு நான் லாயக்கா? உங்கள் மகளாக நினைத்துச் சொல்லுங்கள்.

பதில்: அன்பு மகளே,

உன் மாமா கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் தெரியாமல் நீ எங்கே போய்ப் படித்தாலும், படிப்பு பாதி வழியில் கசந்துவிடும். நான் பல வருடம் குழந்தைகள் இல்லங்களில் வேலை பார்த்தவள். இப்போது சமூகப்பணி மாணவர்களின் களப்பணியை மேற்பார்வை செய்கிறேன். மாமாவின் கேள்வியை எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவர் பார்த்த குழந்தை வளர்ப்பு, அம்மாவும் அம்மாச்சியும் பார்த்துக்கொண்ட வளர்ப்பு. அதற்குப் பட்டம் தேவையில்லைதான். ஆனால் நீ படிக்க நினைப்பது, அந்த வளர்ப்பு நடுவில் அறுந்துபோன பிள்ளைகளைப் பற்றி.

ஒரு இல்லத்தில் எட்டு வயதுப் பையன் ஒருவன், புதிதாக வந்தவன். படுக்கையை உதறும்போது பார்த்தால் தலையணை உறைக்குள் நாலு சப்பாத்தி, காய்ந்து விறைத்து, எறும்பு மொய்த்துக் கிடந்தது. முதல் தடவை சத்தம் போட்டு எடுத்து வெளியே எறிந்தார்கள். மறுநாள் அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். அதையும் எடுத்தார்கள். அப்புறம் பக்கத்துக் கட்டில்காரனின் புத்தகப் பைக்குள். ‘திருட்டுப் புத்தி, இப்பவே அடக்கணும்’ என்று சமையல்கார அக்காவிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோரும் சொன்னார்கள். அங்கே பயிற்சி பெற்ற இளம் பணியாளர் ஒருத்தி இருந்தாள். மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கி அதன்மேல் அவன் பெயரை எழுதினாள். இரவு படுக்கும் நேரத்தில் அவன் கண்ணெதிரே நாலு பிஸ்கட்டைப் போட்டு, கட்டிலின் தலைமாட்டில் வைத்தாள். ‘இது உனக்குள்ளது. ராத்திரி எப்ப வேணும்னாலும் தின்னலாம், யார்கிட்டயும் கேக்க வேண்டாம். காலையில தீர்ந்திருந்தா நான் திரும்ப நிறைச்சு வைப்பேன்.’ முதலில் டப்பா தினமும் காலியானது. பிறகு பாதி மிஞ்சியது. பிறகு மூடியைத் திறக்காமலே தூங்க ஆரம்பித்தான். ஆனால் டப்பா மட்டும் தலைமாட்டில் இருந்தாக வேண்டும். சப்பாத்தி ஒளிப்பது தானாக நின்றுபோனது.

அவள் செய்தது அன்பினால் மட்டும் வந்ததல்ல. சமையல்கார அக்காவுக்கும் அந்தப் பையன் மேல் அன்பு உண்டு. பட்டினி கிடந்து வளர்ந்த பிள்ளை, வயிறு நிறைந்த பிறகும் நாளைய சோற்றை நம்பாது. அதற்குத் தேவை அறிவுரை இல்லை. நாளைக்கும் கிடைக்கும் என்பது தினமும் கண்ணால் கண்டு உறுதிப்பட வேண்டும். இதை அறிந்திருந்ததால் அவளால் கோபப்படாமல் இருக்க முடிந்தது. உன் மாமாவின் கேள்விக்கு என் பதில் இதுதான். அன்பு உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு பிள்ளையின் நடத்தைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கும் கண்ணைத்தான் படிப்பு தர வேண்டும்.

இந்தத் துறையின் வேர்களை நீ கட்டாயம் படிப்பாய். போலந்து நாட்டு மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக், 1912 முதல் வார்சாவில் யூதக் குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றை நடத்தினார். அங்கே பிள்ளைகளே நீதிமன்றம் வைத்து வழக்கு விசாரிப்பார்கள், கோர்ச்சாக் மேலேயே வழக்குப் போடலாம். 1942 ஆகஸ்டில் நாஜிகள் அந்தப் பிள்ளைகளைத் திரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுபோனபோது, தப்பிக்க வழி இருந்தும் கூடவே போனார். இன்று நம் நாட்டுச் சட்ட விதிகள் ஒவ்வொரு இல்லத்திலும் குழந்தைகள் குழு அமைத்து அவர்கள் குறைகளைக் கேட்க வேண்டும் என்கின்றன. எத்தனை இல்லங்களில் அந்தக் குழு உண்மையில் கூடுகிறது என்பதை நீ களப்பணிக்குப் போகும்போது பார். பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கை, தாயிடமிருந்தோ தாய் போன்ற ஒருவரிடமிருந்தோ பிரிக்கப்பட்ட குழந்தையின் மனநலம் எப்படிப் பாதிக்கப்படுகிறது என்று உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஃப்ரிட்ஸ் ரெட்ல், 1940களில் டெட்ராய்ட்டில் மிகவும் முரட்டுச் சிறுவர்களுக்காக ஒரு சிறு இல்லம் நடத்தினார். மருத்துவர் அறைக்குள் ஒரு மணி நேரம் பேசுவதைவிட, சாப்பாட்டு மேசையில், விளையாட்டில் தோற்ற நிமிடத்தில், விளக்கணைக்கிற வேளையில் கூட இருப்பவர் என்ன செய்கிறார் என்பதுதான் அந்தப் பிள்ளைகளை மாற்றும் என்பது அவர் அனுபவம். கனடாவில் ‘சைல்ட் அண்ட் யூத் கேர்’ என்ற பெயரில் நடக்கிற படிப்பின் அடிப்படையே இதுதான். பிள்ளை வாழ்கிற இடத்தில், அதன் அன்றாடத்துக்குள் இருந்து வேலை செய்வது.

ஒன்றை இங்கேயே தெளிவாக்கிக்கொள். சின்னக் குழந்தைகளின் பகல்நேரக் காப்பகத்தில் வேலை பார்ப்பதற்கான முன்பருவக் கல்விப் படிப்பு வேறு. சைல்ட் அண்ட் யூத் கேர் வேறு. பின்னதில் நீ அதிகம் சந்திக்கப் போவது பள்ளி வயதுப் பிள்ளைகளையும் பதின்பருவத்தினரையும். வீட்டை விட்டு ஓடி வந்தவர்கள், போதையில் விழுந்தவர்கள், கையை அறுத்துக்கொள்பவர்கள், உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டுபவர்கள். ஓய்வுநாள் பள்ளியில் வெள்ளைச் சட்டை போட்டு வரிசையாக உட்கார்ந்து வசனம் ஒப்பிக்கிற பிள்ளைகளை வைத்து இதை எடை போடாதே. அவர்களும் நல்ல பயிற்சிதான். ஆனால் 16 வயதுப் பையன் ஒருவன் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, ‘நீ யாரு என்னைக் கேக்க?’ என்று நிற்கும்போது உனக்கு என்ன தோன்றும் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் முடிவு எடுக்க வேண்டும்.

சரி, கனடா.

கன்சல்டன்சி சொன்ன மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம். மூன்று வருட டிப்ளமோ உண்மைதான், ஒன்டாரியோ மாகாணக் கல்லூரிகளில் அப்படி இருக்கிறது. நாலு வருடப் பட்டப் படிப்பும் உண்டு. விக்டோரியா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது, டொராண்டோ மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். இரண்டும் நல்ல இடங்கள். ஆனால் டிப்ளமோவுக்கும் பட்டத்துக்கும் உன் வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் வரும். 2024 நவம்பர் 1 முதல் கனடா அரசு விதியை மாற்றிவிட்டது. பட்டம் அல்லாத படிப்புகளை முடிப்பவர்களுக்கு, அந்தப் படிப்பு அரசு வெளியிட்ட பட்டியலில் இருந்தால்தான் பிறகு வேலை செய்யும் அனுமதி கிடைக்கும். அந்தப் பட்டியலும் ஒரே மாதிரி நிற்பதில்லை, சேர்ப்பதும் நீக்குவதுமாக மாறிக்கொண்டிருக்கிறது. ஆகவே அந்தக் கல்லூரியின் அந்தப் படிப்புக்குரிய குறியீட்டு எண்ணைக் கேட்டு வாங்கி, கனடா அரசின் இணையதளத்தில் நீயே ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதே. கன்சல்டன்சிக்காரர் எண்ணைத் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடு.

படித்துக்கொண்டே கடனை அடைப்பது நடக்காது. வகுப்பு நடக்கும் காலத்தில் வெளியே வேலை பார்க்க வாரத்துக்கு 24 மணி நேரம்தான் அனுமதி. இந்தப் படிப்பிலோ களப்பயிற்சி அதிகம், பெரும்பாலும் சம்பளம் இல்லாதது. பகலில் இல்லத்தில் பயிற்சி, மாலையில் வகுப்பு, இரவில் கடையில் வேலை என்று ஓடும் பெண், மன உளைச்சலில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு முன்னால் எந்தத் தெம்போடு நிற்பாள்? வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே அந்தச் சம்பளம் சரியாகிவிடும். அதோடு கல்லூரிக் கட்டணமும் விமானச் செலவும் போக, ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் 22,895 கனடிய டாலர் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும் என்பது 2025 செப்டம்பர் முதல் உள்ள விதி. நம் பணத்தில் சுமார் 14, 15 லட்சம். பத்து சென்ட் இதற்கு எந்த மூலைக்குக் காணும்?

பி.ஆர். உறுதி என்ற வார்த்தையை நம்பவே நம்பாதே. அதை உறுதி சொல்லும் அதிகாரம் எந்தக் கன்சல்டன்சிக்கும் கிடையாது.

அதனால் கனடாவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டை வைத்து, முதல் படிப்பாக, அனுபவம் எதுவும் இல்லாமல் இப்போது போகாதே என்கிறேன். இங்கே முதுகலை முடித்து, மூன்று நாலு வருடம் பிள்ளைகளோடு வேலை பார்த்துவிட்டு, அப்புறம் ஆசை இருந்தால் அங்கே இதே துறையில் முதுகலைக்கு முயற்சி செய். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அப்போது கையில் ஏதாவது இருக்கும். 2026 ஜனவரி முதல் அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுகலைக்குச் சேர்பவர்களுக்கு மாணவர் எண்ணிக்கை உச்சவரம்பிலிருந்து விலக்கும் தந்திருக்கிறார்கள். முக்கியமாக, அங்கே போய் என்ன கற்க வேண்டும் என்று உனக்கே தெரிந்திருக்கும்.

இங்கே படிக்க வழி இருக்கிறதா என்று கேட்டாய். சைல்ட் அண்ட் யூத் கேர் என்ற பெயரில் பட்டம் தேடாதே. அந்தப் படிப்பில் உள்ளவை இங்கே சமூகப்பணி, மனித மேம்பாடு, உளவியல், சிறப்புக் கல்வி என்று பல துறைகளில் சிதறிக் கிடக்கின்றன. உனக்கு நான் சொல்வது எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலை. எந்தப் பட்டம் முடித்தவரும் சேரலாம், எனவே உன் பி.ஏ. ஆங்கிலம் வீணாகாது. இரண்டு வருடம். வாரத்தில் இரண்டு நாள் களப்பணி என்பது பரவலான முறை. இரண்டாம் ஆண்டில் சிறப்புப் பாடம் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அப்போது நண்பர்கள் பலரும் மனிதவளப் பிரிவுக்குப் போவார்கள், கம்பெனி வேலை கிடைக்கும் என்று. நீ குடும்ப நலம், குழந்தை நலம் அல்லது மருத்துவ, மனநலச் சமூகப்பணியில் நில்.

எங்கே படிப்பது? உன் வீட்டிலிருந்து சென்னையைவிடத் திருவனந்தபுரம் பக்கம். ஸ்ரீகாரியத்தில் உள்ள லயோலா சமூக அறிவியல் கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ இருக்கிறது. குழித்துறையில் ரயில் ஏறினால் போய்விடலாம், நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலையாளம் ஒரு தடையும் இல்லை. சென்னை என்றால் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க். ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் மத்திய அரசுடையது, பதின்பருவத்தினரிடமும் இளைஞர்களிடமும் உனக்கு ஈடுபாடு என்றால் அதையும் பார். மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் குழந்தைகளும் குடும்பங்களும் பற்றியே சமூகப்பணி முதுகலை உண்டு. சேர்க்கை சி.யு.இ.டி. முதுகலை நுழைவுத் தேர்வு வழியாக. உனக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்பதால் அந்தத் தேர்வை எழுதிப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. 1098 என்று பள்ளிச் சுவர்களில் எழுதியிருக்கிறதே, அந்தக் குழந்தைகள் உதவி எண், 1996இல் ஜெரூ பில்லிமோரியா இதே டாடா நிறுவனத்தின் களத் திட்டமாக மும்பையில் தொடங்கியதுதான்.

பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தாலும் தாழ்வில்லை. பெயரைவிடக் களப்பணியைப் பார். மாணவர்களை எந்த இல்லத்துக்கு அனுப்புகிறார்கள், வாரம் ஒரு முறையாவது ஆசிரியர் தனியாக உட்கார வைத்து அந்த வார அனுபவத்தைப் பேசுகிறாரா, களப்பணி அறிக்கையைத் திருத்தித் திருப்பித் தருகிறாரா என்று இப்போது படிக்கிறவர்களிடம் கேள். கையெழுத்து மட்டும் போட்டுத் தருகிற கல்லூரி என்றால் உனக்கு வேண்டாம்.

தபால் வழியில் உளவியல் சேரலாம் என்று யாராவது சொல்வார்கள். 2025 ஜூலை – ஆகஸ்ட் சேர்க்கை முதல் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் உளவியல் நடத்த யு.ஜி.சி. தடை விதித்திருக்கிறது. பணத்தைக் கொண்டுபோய்ப் போட்டுவிடாதே.

படிப்பில் என்ன சொல்லித் தருவார்கள் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம் காட்டுகிறேன். இல்லத்தில் தினமும் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பதிவேட்டில் எழுத வேண்டும். புதிதாக வருகிற மாணவி, ‘இன்று மிகவும் அடம் பிடித்தான், சாப்பிட மறுத்தான்’ என்று எழுதுவாள். நான் அதை அடித்துவிட்டு என்ன பார்த்தாயோ அதை எழுது என்பேன். இரண்டாவது தடவை இப்படி எழுதி வந்தாள்: ‘மாலை 6.10க்கு அலுவலக போன் அடித்தது. ஓடி வந்து வாசலில் நின்றான். போன் வேறு பிள்ளைக்கு. 6.40க்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினான். வயிறு வலிக்கிறது என்றான். இன்று சனிக்கிழமை, அவன் அம்மா கூப்பிடும் நாள்.’ முதல் பதிவை வாசித்த கண்காணிப்பாளர் பையனைத் திட்டுவார். இரண்டாவதை வாசித்தவர் அவன் அம்மாவுக்கு போன் போடுவார். இதே பதிவேடுதான் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் போகும், அந்தப் பையனை வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவு எடுக்கும்போது படிக்கப்படும். நீ ஆங்கில இலக்கியம் படித்தவள், ஒரு வாசகத்தை நிறுத்திப் படிக்கத் தெரிந்தவள். இந்தப் பழக்கம் உனக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வரும் என்று நினைக்கிறேன்.

சட்டமும் படிக்க வேண்டியிருக்கும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம், இரண்டும் இந்த வேலைக்குத் தினசரிக் கருவி. பராமரிப்பு தேவைப்படும் பிள்ளையைப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். ‘குடும்ப மானம் போயிடும், ஊருக்குள்ளே பேசி முடிச்சிருவோம்’ என்று உன் சபையிலிருந்தே யாராவது உன்னிடம் வந்து நிற்கலாம். அன்றைக்கு உனக்குச் சட்டப் பிரிவு மனப்பாடமாக இருப்பது பெரிய பலம்.

நம் மாவட்டத்தில் இந்த வேலைக்கு என்ன தேவை இருக்கப் போகிறது, இங்கேதான் எல்லோரும் படித்தவர்கள் ஆயிற்றே என்று தோன்றலாம். தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகமான மாவட்டம்தான். ஆனாலும் தூத்தூர்ப் பக்கம் அப்பா ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்புவதில்லை. வளைகுடாவில் அப்பா, சில வீடுகளில் அம்மாவும்; பிள்ளை பாட்டியோடும் போனோடும் வளர்கிறது. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல் இரவில் கடலில் போன அப்பாவின் உடல்கூடக் கிடைக்காத பிள்ளைகள் இன்று பதின்பருவத்தில் இருக்கிறார்கள், சிலர் அதைத் தாண்டிவிட்டார்கள். பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளிலிருந்து பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் உன் ஊர்க்காரர்களே. குடியினால் சிதைந்த வீடுகளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் நமக்குத் தெரிந்த ஒரே தீர்வு, போர்டிங்கில் சேர்ப்பது. லண்டன் மிஷனரிகள் காலத்திலிருந்து, கிட்டத்தட்ட 200 வருடமாக, இங்கே விடுதிகள் உண்டு. அவை எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் தந்திருக்கின்றன, அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இன்றைய சட்டம், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. வறுமை மட்டும்தான் பிரச்சினை என்றால் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பதற்குப் பதில், அந்தத் தாய்க்கு உதவ வேண்டும். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் அப்படிப்பட்ட பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை தர வழி இருக்கிறது. ஆகவே நீ படித்து முடித்து வரும்போது உன் வேலையில் பாதி, இல்லத்துக்கு வெளியே, வீடுகளின் திண்ணையில் நடக்கும். பால்வெட்டுக்காரர் மகள் நீ. வெள்ளன எழுந்து தோட்டத்துக்குப் போகிற வீட்டில் பிள்ளையை யார் எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவது என்ற சிக்கல் உனக்கு விளங்கும். அது வெளியூரிலிருந்து வருகிற அலுவலருக்கு விளங்க வருடங்கள் ஆகும்.

சம்பளத்தை மறைக்க மாட்டேன். மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளுக்கு அண்மை ஆண்டுகளில் வந்த அறிவிப்புகளில் பாதுகாப்பு அலுவலருக்கு மாதம் 27,804 ரூபாய், ஆற்றுப்படுத்துநருக்கும் (கவுன்சலர்) சமூகப் பணியாளருக்கும் 18,536, புறத்தொடர்புப் பணியாளருக்கு 10,592. எல்லாம் ஒப்பந்த வேலை. பிள்ளைகளின் வாழ்க்கையையே தீர்மானிக்கிற முடிவுகளைத் தினமும் எடுக்கிறவர்களுக்கு இது மிகக் குறைவு. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. நிரந்தர அரசு வேலை வேண்டுமென்றால், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 வழியாக நன்னடத்தை அலுவலர் பணிக்கு முயற்சி செய்யலாம். சட்டத்தோடு முரண்பட்ட, அதாவது குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் பிள்ளைகளின் குடும்பத்தை விசாரித்து, இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அறிக்கை தருகிற வேலை அது. எம்.எஸ்.டபிள்யூ படிக்கும்போதே அந்தத் தேர்வுக்கும் சேர்த்துத் தயாராகு. பெரிய பள்ளிகள், மருத்துவமனைகள், பெங்களூருவிலும் சென்னையிலும் உள்ள தொண்டு நிறுவனங்கள் என்று வேறு வாசல்களும் உண்டு. ஆனால் பத்து சென்ட் கடனை அடைக்கிற சம்பளம் தொடக்கத்தில் எதிலும் வராது. கடன் இல்லாமல் படி என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் காரணம். வட்டி கழுத்தை நெரிக்கும்போது, பிடித்த வேலையைக்கூட விட்டு ஓடத்தான் தோன்றும்.

இனி உன் அழுகை. அழுகிறவள் இந்த வேலைக்கு ஆகாது என்று யார் சொன்னது? நானும் அழுதிருக்கிறேன், இரவில் என் அறையில். பிள்ளைக்கு முன்னால் உடைந்து போனால், தான் சொன்னது உன்னால் தாங்க முடியாத சுமை என்று அது நினைத்து மறுபடி வாயே திறக்காது. அதனால் அந்த நேரத்தைத் தாண்டத் தெரிய வேண்டும். அதற்குப் பயிற்சி உண்டு. வேலை முடிந்ததும் மேற்பார்வையாளரிடம் பேசி இறக்கி வைப்பதும் அந்தப் பயிற்சியில் ஒரு பாகம்தான்.

எனக்கு அதைவிடப் பயம் வேறு ஒன்று. இளகிய மனசுக்காரர்கள் வாக்குக் கொடுத்துவிடுவார்கள். ‘நான் உன்னை விட்டுப் போகவே மாட்டேன்’, ‘கிறிஸ்மசுக்கு எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்’. அந்த நிமிடத்தில் அதை மனதாரச் சொல்வாய். ஆனால் அந்தப் பிள்ளையை ஏற்கெனவே அம்மா விட்டுப் போயிருக்கிறார், பிறகு சித்தப்பா, பிறகு பிடித்த டீச்சர். உன் களப்பணியும் ஒரு பருவத்தில் முடியும். முடியும் நாளை முதல் வாரத்திலேயே காலண்டரில் காட்டிச் சொல்லிவிட வேண்டும். கடைசி நாளில் ஒளிந்து போகாமல், அழுதாலும் பரவாயில்லை என்று நேரில் விடைபெற வேண்டும். செய்ய முடிவதை மட்டும் சொல், சொன்னதைச் செய். ‘வியாழக்கிழமை நாலு மணிக்கு வருவேன்’ என்றால், மழையானாலும் நாலு மணிக்கு அந்த வாசலில் நில். முகநூலில் படம் போடுவதற்காக இல்லங்களுக்குக் கேக் எடுத்து வருகிறவர்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் முகத்தையோ பெயரையோ வெளியிடுவது சட்டப்படியே தவறு. அவர்கள் தேடுவது கேக்கை அல்ல, அடுத்த வியாழனும் வருகிற ஆளை.

அம்மாவின் பயம் நியாயமானது. இரவுப் பணி உண்டா, பாதுகாப்பு உண்டா என்று கேட்பார். இரவுப் பணி உண்டு என்று மறைக்காமல் சொல். தங்கி வேலை பார்க்கும் பொறுப்புகளில் இரவும் சேரும், அலுவலகப் பணிகளில் பெரும்பாலும் சேராது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது உன் கையில். இந்தப் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. வேண்டுமானால் சேர்வதற்கு முன் எந்த இல்லத்தைப் பார்க்கப் போனாலும் அவரையும் கூட அழைத்துப் போ. பிள்ளைகளைக் கண்ணால் கண்ட பிறகு பல அம்மாக்கள் எனக்கு முன்னால் மனம் மாறியிருக்கிறார்கள்.

இப்போது செய்ய வேண்டியது. கடைசிப் பருவத் தேர்வு முடிந்ததும் இந்த வருடம் வி.பி.எஸ். பொறுப்பைத் தங்கச்சிமாரிடம் கொடு. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, பதிவு பெற்ற ஏதாவது ஓர் இல்லத்தில் தன்னார்வலராக இரண்டு மாதம் வர அனுமதி கேள். ஆதார் நகல், கல்லூரியின் நன்னடத்தைச் சான்று இரண்டும் வைத்துக் கொடு; காவல்துறைச் சான்று கேட்டால் சலிக்காமல் வாங்கிக் கொடு, அப்படிக் கேட்கிற இடம்தான் நல்ல இடம். காலையில் டியூஷன் எடுக்க வா என்பார்கள். மாலை நாலிலிருந்து எட்டு வரையிலான நேரத்தைக் கேட்டு வாங்கு. பள்ளி விட்டு வந்து பை எறிவது, குளியல், சண்டை, சாப்பாடு, படுக்கை எல்லாம் அதற்குள்தான். வீட்டுக்கு வந்ததும் ஒரு பக்கம் எழுது, பிள்ளைகளின் பெயர் போடாமல், நான் மேலே காட்டிய இரண்டாவது விதத்தில். இடையில் எம்.எஸ்.டபிள்யூ விண்ணப்பங்களைப் போட்டுவிடு, தேதி தவறவிடாதே. நேர்காணலில் ஏன் இந்தப் படிப்பு என்று கேட்காத கல்லூரி இல்லை. அந்த நோட்டையும் கையோடு எடுத்துப் போ.